பலாலித் தராசில் நான் ஏறாத கதை

தம்பி,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. வழக்கமாக உன் கையெழுத்தைக் கண்டால் அடுப்பில் கறி இருப்பதையும் மறந்து, குசினி வாசலில் நின்றபடியே வாசித்து முடித்துவிடுவேன். நேற்று அப்படி முடியவில்லை. யாரைப் பற்றி நீ எழுதியிருந்தாயோ அவள், உன் பெண்சாதி வதனி, எனக்கு எதிரே நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ என்ன நினைத்தாய், அவள் இணுவிலில் தன் தாய் தகப்பனோடு இருக்கிறாள் என்றா? கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆகுமுன் தனியாகச் சூட்கேசோடு சீதன வீட்டு வாசற் படலையைத் திறந்தால், அடுத்த நாள் கந்தசுவாமி கோயிலில் திருநீறு வாங்குகிற கைகள் எல்லாம் அவளைப் பார்த்துத்தான் நீளும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ரயிலால் இறங்கி நேரே பஸ் ஏறிக் கோப்பாய்க்கு வந்தாள். "மாமி, கொஞ்ச நாள் இஞ்சை நிக்கட்டோ?" என்றாள். நில்லு பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்வது?

அவளுக்குப் பொறாமை நோய் பிடித்திருக்கிறது, அது மாறும்வரை ஊரிலேயே இருக்கட்டும், அவசரப்பட்டுத் திரும்பி வரவேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். நோயாம்! கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய பிறகு நீ வைத்தியமும் படித்துவிட்டாயா? அதை வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை அடுப்புக்குள் போட்டிருப்பேன். அப்பா வாசிக்க வேண்டும் என்பதற்காக விட்டுவைத்தேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். பொறாமையைப் பற்றி எனக்கு எழுதுவது என்றால் யோசித்து எழுத வேண்டும். இந்த விஷயத்தில் உன் தாய்க்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருபது வருடமாக நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதும் நிறுத்தவில்லை. நிறுத்துகிற எண்ணமும் இல்லை.

என்ன நடந்தது என்று வதனியிடம் மெல்ல மெல்லக் கேட்டு எடுத்தேன். உன் கந்தோரில் வேலை செய்கிற பெண் ஒருத்தியை வேலை முடிய உன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவளுடைய வீட்டில் இறக்கிவிடுகிறாயாம். அது ஒரு பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவள் யார், என்ன கதைப்பீர்கள் என்று வதனி கேட்டாளாம். நீ பதில் சொல்லாமல் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாயாம். அவள் திரும்பக் கேட்டாளாம். நீ பக்கத்தைப் புரட்டினாயாம். இதைச் சொல்லிவிட்டு, "நான் கேட்டது பிழையோ மாமி?" என்று கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொன்னாள், நானும் வெங்காயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேப்பர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பேப்பர் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாக வாசி.

உன் அப்பா பலாலியில் வேலைக்குச் சேர்ந்தபோது நீ நடக்கப் பழகி முடித்து ஓடப் பழகிக்கொண்டிருந்தாய். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் செம்பாட்டு மண் தோட்டங்களை எடுத்துத் தன் பிளேன்களுக்காக அமைத்த இடம் அது. சண்டை முடிந்து அவன் போனபின் அது எங்களுடைய இடமாயிற்று. ஒரு சின்னக் கட்டடம், காற்றுப் பார்க்க ஒரு துணிக்குழாய், தீயணைக்கிற வண்டி ஒன்று, பிளேன் வருமுன் ஓடுபாதையில் மேயும் ஆடுகளைக் கலைக்க ஓர் ஆள், இவ்வளவுதான். ஆனால் கொழும்புக்கு ஒரு நாள் முழுக்க ரயிலில் குலுங்கிப் போன எங்களுக்கு அது சின்ன இடம் இல்லை. காலையில் கொழும்பு ரத்மலானையில் ஏறியவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் நிற்பார்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் இங்கிருந்தே பறந்து போவார்கள். அங்கே அப்பாவுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமோ? நிறுக்கிற வேலை. அந்தக் காலத்துப் பிளேனில் பெட்டியை மட்டும் நிறுத்தால் போதாது, ஆட்களையும் நிறுக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வந்து தராசில் ஏறுவார்கள், அப்பா நிறை பார்த்துத் துண்டுக் கடதாசியில் குறித்து உள்ளே அனுப்புவார், அங்கே இருக்கிற உத்தியோகத்தர்கள் அதைக் கூட்டிப் பார்த்து யாரை முன்னுக்கு இருத்துவது, யாரைப் பின்னுக்கு இருத்துவது என்று முடிவு செய்வார்கள்.

இப்போது நீயே யோசித்துப் பார். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் பிளேனில் போன பெண்கள் யார்? கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமாரின் மனைவிமார், மலாயாப் பென்சனியர்களின் பெண்கள், கூறை எடுக்கச் சென்னைக்குப் போகிற பெரிய வீட்டு மாமிமார், படிக்கப் போகிற குமர்ப் பிள்ளைகள். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பவுடர் பூசி வருகிற அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு என் மனிதருக்கு முன்னால் போய் ஏறி நிற்பார்கள். அவர் அவர்களைப் பார்ப்பார். பார்க்காமல் எப்படி நிறுப்பது? நான் இங்கே கோப்பாயில் கிணற்றடியில் உன் உடுப்பைத் தோய்த்துக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலே சத்தம் கேட்கும், என் கை நின்றுவிடும். பலாலிக்கு இறங்கப் போகிறது அது, இனி அங்கே வரிசையில் நிற்பார்கள் என்று நினைப்பேன். வயிறு எரியும். கட்டின சேலையைத் தவிர இன்னும் இரண்டு நல்ல சேலைதான் என்னிடம் இருந்தது, அதையும் எங்கே உடுத்துக்கொண்டு போவது?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அந்த வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவருடைய நிறையையும் வாய் திறந்து சொல்லமாட்டார். தராசின் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார், குறித்த துண்டை மடித்துத்தான் கொடுப்பார். ஏறியவரே கேட்டாலும் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். நிறையைச் சொன்னால் கண்ணூறு படும் என்பது அவருடைய நம்பிக்கை. கொழுத்த பிள்ளையைக் கொழுத்தது என்று சொல்லக்கூடாது, மெலிந்தவரை மெலிந்தது என்று சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து நான் சும்மா பகிடிக்கு, இன்றைக்கு யார் நல்ல பாரம் என்று கேட்டாலும் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பார். பெரிய வீட்டுப் பெண்களுக்கு அதனால் அவரில் நல்ல மதிப்பு. எனக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பார்க்கிறார்தான், ஆனால் ஒருவரையும் மனதில் வைத்திருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், தானாகவே, ஒருவரும் கேட்காமல், யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அந்த டொக்டர் அம்மா நல்லா மெலிஞ்சு போனா."

அந்த டொக்டர் அம்மா யார் என்றால், யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டு, கொழும்பில் இருக்கும் தன் புருஷனிடம் மாதா மாதம் பிளேனில் போய் வருகிற ஒருத்தி. உனக்குக்கூட ஒரு முறை தகரத்தில் செய்த சின்னப் பிளேன் ஒன்று வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டவ. நீ அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் என்னிடம் சாப்பாடு வாங்கவில்லை, 'டொக்டர் அம்மா தந்தது, டொக்டர் அம்மா தந்தது' என்று முற்றம் முழுக்க ஓடினாய். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல். இப்போது இது. நீ வடிவாக யோசி தம்பி. வாய் திறக்காத மனிதர். ஊர்ப் பெண்கள் எல்லாரையும் நிறுத்த மனிதர். அவர் ஒருத்தி மெலிந்ததைக் கவனித்திருக்கிறார். கவனித்தது மட்டுமில்லை, அதை வீடு வரைக்கும் மனதில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். கண்ணூறு படும் என்ற பயமும் அவவுக்காக மறந்துபோயிற்று. அவ எப்படி மெலிந்தா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தராசு சொன்னது என்றார். தராசு எல்லாரையும்தானே சொல்லுகிறது, ஏன் அவவை மட்டும் மனதில் காவிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். பிளேனில் அன்றைக்கு வந்த கொழும்புப் பேப்பர் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். அதுதான் அந்தப் பேப்பர். இப்போது விளங்குகிறதா எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று?

அன்றிலிருந்து நான் சாப்பாட்டைக் குறைத்தேன். இது உனக்கு இதுவரை தெரியாது, வதனிக்கு நேற்றுத்தான் சொன்னேன். பகலில் ஒரு கரண்டி சோறு, இரவில் ஒன்றுமில்லை. கோயில் விரதம் என்று அயலுக்குச் சொன்னேன். கைவளையல் முழங்கை வரைக்கும் ஓடத் தொடங்கிற்று, சட்டைகள் எல்லாம் தொளதொள என்று ஆயின. ஒவ்வொரு பின்னேரமும் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வரும்போது அவருக்கு முன்னால் போய் நிற்பேன். மெலிந்துபோனீர் என்று ஒரு வார்த்தை வருமோ என்று அவர் வாயைப் பார்ப்பேன். கை கழுவ வெந்நீர் இருக்கிறதா என்று கேட்பார். தராசில் ஏறாத பெண்சாதியின் நிறை அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு நாள் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவருக்குச் சாப்பாடு கொண்டு போகிற சாட்டில் பலாலி பஸ் ஏறினேன். பயணிகளை வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கம்பி வேலிக்கு வெளியே, தராசு வைத்த விறாந்தை தெரிய ஒரு வேப்பமர நிழலில் நின்றேன். சனம் என்றால் சனம். ஒருவர் போவதென்றால் கார் பிடித்துக்கொண்டு குடும்பமே வந்து நிற்கும். போகிறவர்களைத் தேடி வந்து, கொழும்பில் இருக்கிற மகனுக்கு என்று கருத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையும் முருங்கைக்காய்க் கட்டும் முன்பின் தெரியாத ஆட்களின் கையில் திணிப்பார்கள், அவர்களும் மறுக்காமல் வாங்குவார்கள். இவ்வளவு கூட்டத்துக்குள்ளும் நான் அவவைக் கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளைக் கைத்தறிச் சேலை. ஒற்றைப் பின்னல். வடிவுதான். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். மற்றப் பெண்கள் தராசில் ஏறுமுன் தங்கள் கைப்பையைப் பக்கத்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு ஏறுவார்கள். அவ ஏறப் போனபோது உன் அப்பா கையை நீட்டினார். அவ பையைக் கொடுத்தா. அவ ஏறி நின்று, அவர் நிறை பார்த்துக் குறித்து முடிக்கும்வரை, அந்தக் கறுப்புக் கைப்பை உன் அப்பாவின் இடது கையில் தொங்கியது.

கைப்பைதானே என்று நீ நினைப்பாய். இங்கே பக்கத்தில் இருக்கும் எங்கள் திருநெல்வேலிச் சந்தைக்கு ஒவ்வொரு கிழமையும் நானும் அவரும் ஒன்றாகத்தான் போவோம். வாழைக்காயும் கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் நிறைந்த பனையோலைக் கடகத்தை நான் தூக்கிக்கொண்டு வருவேன், அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். ஒரு நாளாவது கையை நீட்டினாரா? நான் சாப்பாட்டுக் கரியரை வாசலில் நின்ற காவற்காரனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் என் கண்ணில் அந்தப் பைதான்.

அன்று பின்னேரம் அவரைக் கேட்டேன். கத்திக் கேட்கவில்லை. அவ யார் உங்களுக்கு என்று மட்டும் கேட்டேன். திரும்பவும் பேப்பர். ஊரில் மற்றப் பெண்கள் என்றால் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை, நாங்கள் இருந்ததே என் சீதன வீடு, நான் பிறந்து வளர்ந்த வீடு. கோபித்துக்கொண்டு நான் எங்கே போவது? அதனால் அவரைப் போகச் சொன்னேன். பதில் சொல்லுகிற அன்றைக்கு வாருங்கள், அதுவரைக்கும் அந்தப் படலையைத் திறக்க வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. நான் அவருடைய உடுப்பை ஒரு பையில் கட்டி சைக்கிளில் மாட்டியதும் நம்பினார். தன் தமையன் வீட்டுக்குப் போனார். ஊருக்கு, பலாலியில் விசேஷ வேலை, அங்கேயே தங்குகிறார் என்று சொன்னேன். நீ அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் தலைக்கு மேலே போகிற பிளேனைக் காட்டினேன். நீ கை காட்டினாய்.

எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். ஒரு பேச்சுக்காக ஒரு குடும்பம் உடைந்துவிடுமோ, இந்த மனிதர் வாய் திறக்காமலே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரை இழுத்து வர ஆள் அனுப்பலாம். அனுப்பினால் பதில் வராது, ஆள்தான் வரும். பதில் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அப்படி இருக்க ஒரு மத்தியானம் வந்து படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, படலையைத் தொடாமல் நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"ஓம், பார்த்தனான்," என்றார். "வடிவான மனிசி. கண்டால் கதைக்க ஆசையாத்தான் இருந்தது. அதுக்கு மேலை ஒண்டுமில்லை. கேட்ட அண்டைக்கே உமக்கு இதைச் சொல்லியிருக்க வேணும். சொன்னால் நீர் அழுவீர் எண்டு விட்டிட்டன்."

எனக்கு நெஞ்சுக்குள் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் தம்பி, அதுவரை இருந்த பாரம் அதோடு இறங்கியும் விட்டது. இரண்டும் ஒன்றாக நடந்தது, நம்பினால் நம்பு. பார்க்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "நான் மெலிஞ்சது தெரிஞ்சதோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வடிவாகப் பார்த்தார். பிறகு, "தெரியேல்லை," என்றார்.

படலையைத் திறந்துவிட்டேன். உண்மை சொல்லுகிற மனிதர் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துபோயிற்று, அதன் பிறகு வெளியே நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் ஒரு சத்தியமும் செய்தேன். அந்தத் தராசில் நான் ஒருநாளும் ஏறமாட்டேன், அந்த வரிசையில் ஒருத்தியாக அவருக்கு முன்னால் போய் நிற்கமாட்டேன் என்றேன். சரி என்றார். நான் இன்னொன்றும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன நடந்தது என்று எல்லாம் சொல்ல வேண்டும். நிறை வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும். அதற்கும் சரி என்றார். அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நாங்கள் நினைத்த எத்தனையோ பின்னேரங்களில் நாங்கள் குசினியில் இருந்து கதைத்துச் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாம் பலாலிக் கதைதான். திருச்சிக்கு மெலிவாகப் போன ஒரு மாமி திரும்பும்போது கதவுக்குள்ளால் வரமுடியாமல் வந்தாவாம், சுங்கக்காரருக்குத் தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு பட்டுச் சேலை கட்டியிருந்தாவாம், வெயிலில் மயங்கி விழுந்து எல்லாம் வெளிச்சத்துக்கு வந்ததாம். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போன ஒருவர் தராசில் நிற்க முடியாமல் மகனைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், இருவரையும் ஒன்றாக நிறுத்தாராம். சிதம்பரத்துக்குப் போனவர் திருநீற்றுப் பையை நிறுக்கக் கொடுக்கமாட்டேன் என்று அடம் பிடித்தாராம். கொழும்புக் கலவரத்தில் எங்கள் சனத்தை அடித்த அந்த நாட்களில் பிளேனால் இறங்கியவர்களின் கையில் ஒரு பையும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பினார். பிறகு இந்தியாவிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்று எங்கள் தோட்டக்காரர் கையில் காசு புரண்ட காலத்தில், செம்பாட்டு மண் காலோடு வந்து தராசில் ஏறிய கமக்காரரைப் பார்த்துப் பெரிய வீட்டு மாமிமார் முகத்தைச் சுளித்ததையும், அவர்களுக்குப் பக்கத்து ஆசனமே அந்தக் கமக்காரருக்குக் கிடைத்ததையும் நடித்துக் காட்டினார். பலாலிக்குப் போய் வேலிக்கு வெளியே மட்டும் நின்ற எனக்கு, உள்ளே வேலை செய்தவர்களை விடக் கூடத் தெரியும். பொறாமை இல்லாவிட்டால் இதில் ஒன்றும் எனக்குக் கிடைத்திராது, நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் மௌனமாகவே கிழடாகியிருப்போம்.

டொக்டர் அம்மாவையும் அவர் சொல்லாமல் விடவில்லை. இன்றைக்கு வந்தா, கதைச்சன் என்பார். எனக்கு எரியும், எரிந்துவிட்டு ஆறும். கடைசியில் அவ வேலை மாறி ஒரேயடியாகக் கொழும்புக்குப் போனபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தேன். எதற்கு என்று அப்பா கேட்டார். உங்களுக்குத் தெரியும் என்றேன். இன்றைக்கும் வெள்ளைக் கைத்தறி கட்டிய பெண்ணைக் கண்டால் எனக்குக் காது சூடாகும். அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருக்கிறது, அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். உன் கலியாணம் முடிந்து நீங்கள் இருவரும் கொழும்புக்குப் பறந்தபோது நாங்கள் எல்லாரும் பலாலிக்கு வந்தோம் அல்லவா? சத்தியம் செய்த பிறகு அன்றைக்குத்தான் நான் அங்கே கால் வைத்தேன். அதே வேப்பமரம். வதனி தராசில் ஏறப் போனாள். நீ கையை நீட்டி அவளுடைய கைப்பையை வாங்கினாய். உன்னைப் பார்த்து அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடப் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வருடக்கணக்காக நான் உனக்காகத் தூக்கினேன், என் கையிலிருந்து ஒரு கடகத்தை நீ வாங்கியதில்லை, நேற்று வந்தவளின் பையை வாங்குகிறாய். பிளேன் எழும்பி மறைந்தபின் நான் அழுததைப் பிரிவு என்று எல்லாரும் நினைத்தார்கள். அதில் பாதி வயிற்றெரிச்சல். அவளை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அவள் சமையல் சரியில்லை, நடை சரியில்லை என்று அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

இப்போது அவள் என் குசினியில் இருக்கிறாள். வெங்காயத்தை எனக்குப் பிடிக்காத மாதிரித் தடிப்பாகத்தான் வெட்டுகிறாள். ஆனால் தலைக்கு மேலே பிளேன் சத்தம் கேட்டதும் அவளுடைய கத்தி நின்றுவிடுகிறது, நான் பார்த்தேன். அவள் ஒரு கரண்டி சோறுதான் போட்டுக்கொள்கிறாள், அதையும் பார்த்தேன். இந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் இருக்க எனக்கு முடியவில்லை, எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். கேட்டது பிழையோ என்று அவள் கேட்டதற்கு, பிழையில்லை, இன்னும் கொஞ்சம் பலமாய்க் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் நானே சோறு போட்டேன்.

உனக்கு நான் சொல்வது இதுதான். அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றுவதை நிறுத்து என்று நான் சொல்லவரவில்லை. வீட்டுக்கு வந்து சொல். இன்றைக்கு என்ன கதைத்தீர்கள் என்று சொல். அவளோடு கதைக்க ஆசை என்றால் ஆசை என்று சொல், வதனி அழுதால் அழட்டும், அழுது முடிய நீ பக்கத்தில் இரு. அதுக்கு மேல் ஏதாவது இருக்கிறதென்றால் அதையும் சொல், அவள் என்ன செய்வது என்று அவளே முடிவெடுப்பாள், நான் அவள் பக்கம் நிற்பேன். பேப்பருக்குப் பின்னால் மட்டும் போகாதே. அங்கே உனக்கு ஒன்றும் இல்லை. உன் அப்பா அங்கே போய்த்தான் தமையன் வீட்டுத் தலையணையில் படுத்தார். அவள் திரும்பி வரவேண்டியதில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதுவது சுலபம். அவளுக்கு உன்னிடம் கேட்க ஒன்றுமே இல்லாமல் போகிற நாள் வந்தால், அப்போது வா, நோயைப் பற்றிக் கதைப்போம்.

அப்பா உன் கடிதத்தை நேற்று வேலையால் வந்து வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். பக்கத்தில் பேப்பர் கிடந்தது, அதை அவர் தொடவில்லை. "பிளேனிலை ரண்டு பேருக்கு இடம் சொல்லுறன்," என்றார். வதனியோடு மற்றது யார் என்று கேட்டேன்.

"நீர்தான். நீர் போனால்தான் அவன் வாய் திறப்பான்."

நான் செய்த சத்தியம் அவருக்கு மறந்துபோயிற்றா என்று பார்த்தேன். மறக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ரயிலில் போகிறோம் என்றேன். அவர் ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை பிளேனில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வதனி சுவரோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாக ஒரு இரவு ரயிலில் உன்னிடம் அனுப்பினால், பாதி வழியில் அவள் துணிவு போய்விடும். நானும் அவளோடு ரயிலில் இருந்தால் என் கோபம் வவுனியா தாண்ட முன் ஆறிப்போய்விடும், உனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. சூடாக வந்து இறங்க வேண்டும் என்றால் பிளேன்தான். இருபது வருடம் காத்த பிடிவாதம் தம்பி. உன் கலியாணத்துக்குக்கூட விட்டுக்கொடுக்காதது.

"என்ரை பையை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான். வேறை ஆர்?" என்றார்.

அதனால் வெள்ளிக்கிழமை உன் தாய் அந்தத் தராசில் ஏறப் போகிறாள். என் நிறையை அவர் யாருக்கும் சொல்லமாட்டார், எனக்குமே சொல்லமாட்டார், அது ஒரு ஆறுதல். இந்தக் கடிதத்தை நாளைக்கே தபாலில் போட அவரிடம் கொடுக்கிறேன், எங்களுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். நீ ரத்மலானைக்கு வந்து நில். கந்தோரில் லீவு கிடைக்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே. நாங்கள் இரண்டு பேரும் ஏணியால் இறங்கி வருவோம், இரண்டு பேர் கையிலும் பை இருக்கும். என்னைக் கண்டதும் ஓடி வருவாய், உன்னை எனக்குத் தெரியும். வந்து முதலில் அவளுடைய பையை வாங்கு. என்னுடையதை வாங்காதே. எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நீ அவளுடையதை வாங்கு.

அம்மா